ஓர் இழையின் பல காலங்கள்

(கொள்ளேகாலில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

'அமைப்பு' என்னும் சொல் தமிழில் சங்கத்தையும் கட்சியையும் கட்டடத்தின் அமைவையும் குறித்துப் பழகிவிட்டதால், அமைப்புச் சிந்தனை என்றவுடன் அலுவலக நிர்வாகம் பற்றிய பாடம் ஏதோ தொடங்கப்போகிறது என்ற எண்ணம் எழுவது இயல்பே. இவ்வுரையில் அச்சொல் ஆளப்படும் பொருள் வேறு. பல உறுப்புகள், ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசையும்படி பிணைந்திருந்து, தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எந்த உறுப்பிடமும் காணக் கிடைக்காத ஒரு நடத்தையை ஒன்றாகச் சேர்ந்து காட்டுமானால், அந்தத் தொகுதிக்கு அமைப்பு என்று பெயர். ஏரியை எடுத்துக்கொண்டால், வாய்க்கால் வழி வருவது வரத்து, உள்ளே நிற்பது இருப்பு, மதகு வழி வெளியேறுவது போக்கு. மதகைத் திறப்பவர் இருப்பைப் பார்த்துத் திறக்கிறார், திறந்ததால் இருப்பு மாறுகிறது, மாறிய இருப்பு அவருடைய அடுத்த செயலை மாற்றுகிறது. செயலின் விளைவு செய்தவரிடமே திரும்பி வந்து அவரைத் திருத்தும் இந்தச் சுற்றுக்குப் பின்னூட்டம் என்று பெயர். அது திரும்பி வருவதற்குப் பிடிக்கும் காலம் தாமதம் எனப்படும். அமைப்புச் சிந்தனையின் கலைச்சொற்கள் எத்தனையோ இருந்தாலும், வரத்து, இருப்பு, போக்கு, பின்னூட்டம், தாமதம் என்னும் இந்த ஐந்தும் கைவந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

மனிதர் எடுக்கும் முடிவுகள் பிழைபடுவதற்கு அறிவுக் குறைவையோ ஆசை மிகுதியையோ காரணம் சொல்வது வழக்கம். அவற்றைவிட வலுவான காரணம், முடிவின் விளைவு முடிவெடுத்தவரை வந்தடையப் பிடிக்கும் காலத்திலும், அந்தச் செய்தி கடந்து வர வேண்டிய மனிதர்களிடத்திலும் இருக்கிறது என்பதே இவ்வுரையின் கருத்து. இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கொள்ளேகாலைவிடப் பொருத்தமான ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை; ஏனெனில் இவ்வூரின் பிழைப்பான பட்டு, ஒரே இழையில் பல காலங்களைக் கோத்து வைத்திருக்கும் தொழில்.

அந்தக் காலங்களை வரிசையாகப் பார்க்கலாம். மல்பெரிச் செடி ஒருமுறை நடப்பட்டால், கவாத்தும் எருவும் தவறாதவரை, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் இலை தரும். ஆகவே அதை நடுவது பதினைந்து ஆண்டுக்கான முடிவு. முட்டையிலிருந்து வெளிவரும் புழு நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து, கூடு கட்டத் தொடங்குவதற்கு ஏறத்தாழ இருபத்தைந்து நாள் பிடிக்கும். ஆகவே எத்தனை முட்டைத் தொகுதி வாங்குவது என்பது ஒரு மாதத்துக்கான முடிவு. ஒரு தாய்ப் பூச்சி இடும் நானூறு ஐந்நூறு முட்டைகளைக் கொண்டது ஒரு தொகுதி. நூறு தொகுதிக்கு ஏறக்குறைய ஒரு டன் இலை வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தின் ஏழெட்டு நாட்களில் தின்று தீர்க்கப்படுகிறது. அந்நாட்களில் வளர்ப்பு மனைக்குள் நிற்பவர் காதில், இலை மீது தூறல் விழுவது போன்ற ஓயாத ஒலி கேட்கும். அது பல்லாயிரம் வாய்கள் இலையை அரியும் ஒலி. இலை போதாது என்பது அப்போதுதான் தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை. முட்டை வாங்கியபோது நேர்ந்த பிழை இருபது நாள் கழித்து முகம் காட்டுகிறது. அதற்குள் செலவழிந்த இலையையும் கூலியையும் திரும்பப் பெற வழியில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இலை மிஞ்சியிருந்து, அந்தத் தோட்டக்காரரோடு பேச்சுவார்த்தையும் இருந்தால்தான் அந்தப் பயிர் பிழைக்கும். தாமதத்தின் காயத்துக்கு உறவே மருந்தாக வந்து நிற்கும் இடங்களில் இது முதலாவது.

முதிர்ந்த புழுவைக் கன்னடத்தில் 'ஹண்ணு ஹுளு' என்பார்கள். பழுத்த புழு என்று பொருள். உடல் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நிறம் கொண்டு, தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கித் தேடும் அந்தப் புழுக்களைப் பொறுக்கி, சந்திரிகை எனப்படும் மூங்கில் தட்டுகளில் விடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் கூடு முடிந்துவிடும். உள்ளே புழு கூட்டுப்புழுவாகி, மேலும் பத்து நாள் அளவில் அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியேறும். துளைபட்ட கூட்டிலிருந்து தொடர்ந்த இழை எடுக்க முடியாது. ஆகவே விற்பவருக்குக் கிடைக்கும் காலம் சில நாட்கள் மட்டுமே. நெல்லையோ மஞ்சளையோ போல மூட்டை கட்டி விலைக்காகக் காத்திருக்க முடியாது. கூட்டுக்குள் இருக்கும் உயிர் அதற்கு இடம் கொடுக்காது. வாங்கும் நூற்பாளர் வெந்நீராவியிலோ சூட்டிலோ கூட்டுப்புழுவைக் கொன்று உலர்த்தி ஓரளவு இருப்பு வைக்க இயலும். சந்தையில் நேருக்கு நேர் நிற்கும் இருவரில் ஒருவருக்குக் காத்திருக்கும் வசதி உண்டு, மற்றவருக்கு இல்லை. பேரம் என்று வெளியே தெரியும் வாதத்தில் பெரும்பகுதி இந்தக் கால வேறுபாட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. 1959ஆம் ஆண்டின் கர்நாடகப் பட்டு முறைப்படுத்தும் சட்டம் கூடு விற்பனையை அரசுச் சந்தையின் வெளிப்படையான ஏலத்துக்குள் கொண்டுவந்ததை, விலையை உயர்த்துவதற்கான ஏற்பாடாக மட்டும் பார்க்கக் கூடாது. காத்திருக்க முடியாதவர் தனியே நின்று விற்கும் நிலையை மாற்றுவதற்கான ஏற்பாடாகவும் பார்க்க வேண்டும்.

ஏலத் தட்டில் குவிந்திருக்கும் கூடுகளுக்குள் வாங்குபவர் கையை ஆழ விட்டு, அடியில் இருக்கும் ஒன்றிரண்டை எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதுண்டு. கூட்டுப்புழு முற்றியிருந்தால் உள்ளே உலர்ந்த விதை உருளும் ஒலி கேட்கும். அழுகியிருந்தால் ஒலி இராது, விரலில் கறை படியும். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை கிலோ கூடு செலவாகும் என்னும் கணக்கை ரெண்டிட்டா என்பார்கள். நல்ல இருவிதைக் கலப்பினக் கூட்டுக்கு அது ஆறு கிலோ அளவில் நிற்கும். பலவிதைக் கலப்புக்கு ஏழு எட்டு என்று ஏறும். ஆண்டுக்கு இரு தலைமுறை காணும் இனம் இருவிதை, பல தலைமுறை காணும் இனம் பலவிதை. அந்த எண்ணைத் தராசு சொல்லாது. கையும் காதும் சொல்ல வேண்டும். ஒரு மாத உழைப்பின் மதிப்பு சில நிமிடங்களில், ஒருவருடைய காதுக்குள் முடிவாகிறது.

விலைக்கும் நடவுக்கும் இடையே ஓடும் நீண்ட சுற்று இதைவிடத் தந்திரமானது. கூட்டுக்கு நல்ல விலை கிடைத்த ஆண்டில் பலர் மல்பெரி நடுகிறார்கள். நட்ட செடி முழு இலை தருவதற்கு ஓராண்டு ஆகிறது. அதற்குள் எல்லாருடைய கூடும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து விலை சரிகிறது. சரிந்த விலையைக் கண்டு சிலர் செடியைப் பிடுங்குகிறார்கள். வரத்து குறைந்து விலை மீண்டும் ஏறும்போது அவர்களிடம் செடி இல்லை. விலையையும் விளைச்சலையும் கோட்டுப்படத்தில் வரைந்தால் சிலந்தி வலை போலத் தோன்றுவதால், பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டார் 1934இல் இதற்குச் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயரிட்டார். இதில் யாரும் முட்டாள்தனமாக நடக்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஒவ்வொருவரும் தம் கண்முன் இருந்த விலைக்கு ஏற்ற முடிவையே எடுத்தனர். ஆனால் அந்த முடிவுகளின் கூட்டுத்தொகை எவரும் விரும்பாத ஊசலாட்டமாக முடிந்தது.

அமெரிக்காவில் ஜே ஃபாரஸ்டர் கண்டதும் இதே உண்மைதான். மின்பொறியாளரான அவர் 1956இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மேலாண்மைப் பள்ளிக்கு மாறிய பின், கென்டக்கியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டு மின்சாதனத் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பும் ஆட்சேர்ப்பும் சில ஆண்டுகளுக்கொரு முறை மாறி மாறி வருவதற்குக் காரணம் தேடினார். நாட்டின் வாணிபச் சுழற்சியே காரணம் என்று அங்கிருந்தோர் நம்பினர். ஃபாரஸ்டர் இருப்பு, ஆணை, ஆள் எண்ணிக்கை ஆகியவற்றைத் தாளில் எழுதி, வாரம் வாரமாகக் கையால் கணக்கிட்டுப் பார்த்தபோது, வெளியிலிருந்து எந்த அலையும் வராவிட்டாலும் உள்ளே கையாளப்பட்ட விதிகளும் தாமதங்களுமே ஊசலாட்டத்தைப் பிறப்பிக்கப் போதும் என்று தெரிந்தது. பழியை வானத்தின் மீதோ சந்தையின் மீதோ போட்டுவிட்டு ஓயும் பழக்கத்துக்கு அந்தத் தாள் ஒரு மறுப்பு.

எனினும் வெளியிலிருந்து வரும் அலையும் சில வேளை உண்மையிலேயே குற்றவாளியாக இருப்பதுண்டு. சீனக் கச்சாப் பட்டு மலிவு விலையில் வந்து குவிந்த ஆண்டுகளில் கர்நாடகத்தின் பல வட்டாரங்களில் மல்பெரி பிடுங்கப்பட்டது. இந்திய அரசு 2003இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. பிடுங்கியவர்களுக்கு அந்த வரி பிந்திய செய்தி. காஞ்சிபுரத்து நெசவாளரும் சாயம் போடுபவரும் முறுக்காலைக்காரரும் மலிவான நூலில் சற்றே மூச்சுவிட்ட அதே நாட்களில், அவர்களுக்கு நூல் தந்த ஊர்களில் மண்வெட்டி இறங்கியது. இரு தரப்பையும் ஒரே வாக்கியத்தில் நல்லவராகவோ கெட்டவராகவோ ஆக்க முடியாதபடி அமைப்பு அவர்களை எதிரெதிரே நிறுத்தியிருந்தது.

மனிதப் பிணைப்பு என்னும் சொல் கனிவான சொல்லாகவே வழங்கிவருகிறது. பட்டுப்புழுவின் முட்டை அந்தக் கனிவைச் சற்றுச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. பிரான்சின் பட்டு வட்டாரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெப்ரின் என்னும் நோய் பரவிப் புழு வளர்ப்பே அழியும் நிலை வந்தபோது, 1865இல் வேதியியலறிஞர் லூயி பாஸ்டர் அலேஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். அதுவரை பட்டுப்புழுவைப் பற்றி அவருக்கு ஏதும் தெரியாது. ஐந்தாண்டு உழைப்பின் முடிவில் அவர் நிலைநாட்டிய முறை இன்றும் மாறவில்லை: முட்டையிட்டு முடித்த தாய்ப் பூச்சியை நசுக்கி, அந்தச் சாற்றை நுண்ணோக்கியில் பார்த்து, நோயின் நுண்வித்துகள் தென்பட்டால் அந்தத் தாயின் முட்டை முழுவதையும் எரித்துவிட வேண்டும். பெப்ரின் தாயிடமிருந்து முட்டை வழியாகவே பிள்ளைக்கு இறங்கும் நோய். முட்டையைப் பார்த்து அதைக் கண்டுகொள்ள முடியாது. தாயைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தச் சோதனை நடக்கும் இடத்துக்குப் பட்டு வளர்ச்சித் துறையினர் வித்தகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வித்து அகம் என்று பிரித்தாலும் வித்தகம் என்று சேர்த்தாலும் பொருள் பொருந்தி நிற்கும் நல்ல பெயர். கலப்பின முட்டைக்குத் தாயாக வரும் தூய மைசூர் இனம் குணிகல், மாகடி போன்ற வேறு வட்டாரங்களில் வளர்க்கப்படுகிறது. அங்கே யாரோ வளர்த்த புழு, வித்தகத்தில் யாரோ ஒருவர் குனிந்து பார்த்த நுண்ணோக்கி, சாக்கி மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு வரை யாரோ காத்த இளம்புழு என்று அறிமுகமில்லாத மூவரின் கவனம் ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்ந்த பிறகே கொள்ளேகால் வட்டாரத்து வளர்ப்பாளரின் முடிவு தொடங்குகிறது. முட்டை அட்டையை வாங்கும் கணத்தில் அவர் செய்வது தேர்வு என்பதைவிட நம்பிக்கை என்பதே சரி. அந்த நம்பிக்கை கண்மூடித்தனமானதன்று. பூச்சி நசுக்கப்பட்டது என்பதற்கான நடைமுறை அதன் பின்னால் நிற்கிறது. முகமறியாத மனிதரிடையே பிணைப்பு நிலைப்பதற்கு அன்பு மட்டும் போதாது, தவறினால் எரிக்கத் துணியும் ஒழுங்கும் வேண்டும் என்பதைப் பாஸ்டரின் முறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

பிணைப்பு தீமையையும் சுமந்து வரும். 1980இல் மேற்கு வங்கத்திலிருந்து விதைக்கூடுகளோடு ஊசி ஈ கர்நாடகத்துக்குள் நுழைந்தது. இந்த ஈ புழுவின் தோல் மீது முட்டையிடும். பொரித்த குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போய், போன இடத்தில் ஒரு கரும்புள்ளியை விட்டுவிட்டு, புழுவைத் தின்று வளர்ந்து, பெரும்பாலும் கூடு கட்டிய பிறகு கூட்டைத் துளைத்து வெளியேறும். நல்ல விதை தேடிச் சென்ற பாதையிலேயே பகையும் வந்தது. வளர்ப்பு மனைகளுக்கு இன்று கட்டப்பட்டிருக்கும் கொசுவலை அந்த வரவின் நினைவுச்சின்னம். 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரிக்கும் பரவி, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களின் தோட்டங்களை வெண்பஞ்சாக மூடியபோது, பூச்சிமருந்து தெளிக்கத் தெளிக்க அது பெருகியது. மருந்து தெளித்த இலையைப் புழுவுக்குப் போடவும் முடியாது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட, எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி அதை அடக்கியது. அங்கே கடல் கடந்த தொடர்பு ஒன்று கேடு செய்தது, கடல் கடந்த மற்றொரு தொடர்பு அதைத் தீர்த்தது. தொடர்பு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அதனால் பொருளில்லை. எதன் வழியாக எது எவ்வளவு விரைவில் வருகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

ஒருவரும் தனியே எடுக்காத, ஆனால் ஒவ்வொருவர் வாழ்வையும் மாற்றிய முடிவு ஒன்றும் இவ்வூருக்கு உண்டு. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் பிரித்தானியர் கைக்கு வந்து, கோயம்புத்தூர் மாவட்டத்தின் வட்டமாக நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த கொள்ளேகால், ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படி, 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குள் வந்தது. மொழி பேசுவோர் எண்ணிக்கை என்னும் அளவுகோலின்படி அந்த முடிவில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அமைப்பு ஒன்றின் எல்லையை எங்கே வரைவது என்பதும் ஒரு முடிவே என்பதை அது காட்டுகிறது. மொழியை வைத்து வரைந்த கோடு, பட்டை வைத்து வரைந்திருக்கக்கூடிய கோட்டோடு ஒத்துப்போகவில்லை. சென்னை மாநிலத்தின் மல்பெரிப் பரப்பில் பெரும்பகுதி இந்த ஒரே வட்டத்தில் இருந்ததால், கோட்டின் தெற்கே பட்டு நெய்யும் ஊர்கள் மிஞ்சின, புழு வளர்க்கும் ஊர்கள் குறைந்தன. ஓசூர், தருமபுரி, ஈரோடு வட்டாரங்களில் அத்தொழில் பின்னர் ஏறத்தாழப் புதிதாகவே வளர்க்கப்பட்டது. நூல் மட்டும் கோட்டை மதிக்காமல் திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் தமிழும் சந்தையில் கன்னடமும் பேசி, கணக்கை எந்த மொழியில் எழுதுவது என்பதைப் பள்ளி எந்த மாநிலத்தினது என்பதற்கேற்ப மாற்றிக்கொண்ட குடும்பங்களுக்கு, எல்லை என்பது நிலப்படத்தைவிடப் பிள்ளையின் பாடப்புத்தகத்தில் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

ஃபாரஸ்டர் மேலாண்மைப் பள்ளிக்கு வந்ததும் அதே 1956இல்தான்; முடிவெடுத்தலை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், மனிதர் மிகச் சிறந்ததைத் தேடுவதில்லை, போதுமானது கிடைத்ததும் நின்றுவிடுகிறார்கள் என்ற கருத்தை அதே ஆண்டில் வெளியிட்டார். இந்த ஒற்றுமைக்குப் பொருள் எதுவும் இல்லை. ஆண்டுகளுக்கு அப்படி ஒரு வேடிக்கைக் குணம் உண்டு, அவ்வளவே.

கொள்ளேகாலுக்கு அருகே எழும் பிளிகிரி ரங்கன் மலையில், செய்தி திரும்பி வராதபோது நேர்வதற்கு ஒரு சான்று இருக்கிறது. அங்கே வாழும் சோலிகர், தமிழ்நாட்டுப் பக்கத்தில் சோளகர் என அழைக்கப்படும் அதே மக்கள்; ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் வழியே தமிழ் வாசகர் பலர் அவர்களை அறிவர். கோடையின் தொடக்கத்தில், சருகு உலர்ந்தும் மரம் உலராமலும் இருக்கும் பருவத்தில், தரையில் தாழ்ந்து ஓடும் சிறு நெருப்பு வைப்பது அவர்கள் வழக்கம். சருகு நெருப்பு என்னும் பொருளில் அதைத் 'தரகு பெங்கி' என்பார்கள். 1974இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயம் ஆனது, காட்டுக்குள் இருந்த குடியிருப்புகள் வெளியேற்றப்பட்டன, நெருப்பு குற்றமாயிற்று. தீ காட்டை அழிக்கும், ஆகவே தீயைத் தடுத்தால் காடு பிழைக்கும் என்ற முடிவில் தர்க்கப் பிழை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உண்ணிச்செடி அடிக்காட்டில் புதராக மண்டியது. நெல்லி மரங்களில் புல்லுருவி மிகுந்து காய்ப்புக் குறைந்தது. உண்ணிப்புதர் உலர்ந்த கோடையில் தீ பிடித்தால், அது சருகோடு நில்லாமல் மரத்தின் மேற்கிளை வரை ஏறியது. சிறு தீயைத் தடுத்த முடிவு பெருந்தீக்கான விறகை இருபது முப்பது ஆண்டுகள் சேமித்து வைத்தது.

பழைய நெருப்பு உண்ணிச்செடியையும் புல்லுருவியையும் அடக்கிவைத்திருந்தது என்று சோலிகர் சொல்லிவந்தனர். சொன்னவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவரிடம் அந்தக் காட்டில் கழித்த ஆண்டுகள் இல்லை. வன அலுவலரின் பணிக்காலம் ஓரிடத்தில் சில ஆண்டுகள்; அவர் எடுத்த முடிவின் விளைவு தெரியும்போது அவர் வேறு ஊரில் வேறு பதவியில் இருப்பார். பின்னூட்டம் வந்து சேர வேண்டிய முகவரியில் ஆள் மாறிவிட்டால், அமைப்பு கற்றுக்கொள்வதே இல்லை. அதே இடத்தில் மூன்று தலைமுறையாக இருப்பவரிடம் அந்தச் செய்தி சேர்ந்துகொண்டே இருந்தது; அவரைக் கேட்கும் வழி மட்டும் அடைபட்டிருந்தது. வழி சிறிது சிறிதாகத்தான் திறந்தது. மருத்துவர் எச். சுதர்சன் 1981இல் தொடங்கிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் முதலில் வைத்தியத்துக்காகவும் பள்ளிக்காகவும் மலைக்கு வந்தது. பின்னர் வந்த சூழலியல் ஆய்வாளர்கள் சோலிகரோடு சேர்ந்து காட்டை அளந்து, அவர்கள் சொன்னதைச் சோதிக்கத்தக்க கூற்றாக எடுத்துக்கொண்டனர். 2011இன் தொடக்கத்தில் அந்த மலை புலிகள் காப்பகமாகவும், அதே ஆண்டு அக்டோபரில் சோலிகர் ஊர்கள் சமூக வன உரிமை பெற்ற இடமாகவும் ஆனது. ஒரே ஆண்டில் வந்த இந்த இரண்டு ஆணைகளும் ஒன்றையொன்று எவ்வாறு பார்க்கின்றன என்பது வேறொரு நாள் பேசவேண்டிய நீண்ட கதை.

திருக்குறளின் பொருட்பாலில் முடிவெடுத்தல் பற்றிய அதிகாரங்கள் ஒரு கொத்தாக வருகின்றன: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று 47 முதல் 52 வரை ஆறு. இவற்றைத் தனியே பிரித்து நிர்வாகப் பாடமாக அச்சிட்டு விற்பவர்கள் பலர். ஆனால் அந்த ஆறுக்கு முன்னால் நிற்பவை பெரியாரைத் துணைக்கோடலும் சிற்றினம் சேராமையும். பின்னால் தொடர்வது சுற்றந்தழால். யாரோடு இருப்பது என்பதில் தொடங்கி, யாரைத் தழுவிக்கொள்வது என்பதில் முடியும் வேலிக்குள்தான் எப்போது, எங்கே, எவ்வளவு வலிமையோடு செயல்படுவது என்னும் கேள்விகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அதிகார வரிசை இப்போதுள்ள வடிவில் யாரால் அமைந்ததாயினும், அந்த வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது: காலமறிதல் தனிமனிதரின் கூர்மையால் மட்டும் கைகூடுவதன்று, பிந்தி வரும் செய்தியை முந்திச் சொல்லும் மனிதர் அருகில் இருப்பவருக்கே அது கைகூடும்.

அருகில் இல்லாதவரின் செய்தி எப்படித் தொலைகிறது என்பதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. கூட்டிலிருந்து இழை எடுப்பவர் கொதிநீர்த் தொட்டியில் விரலை விட்டு விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது; விரல் நுனிகள் வெந்து ஊறி, தோல் உரிந்து, ஆறுவதற்குள் மறுநாள் வந்துவிடுகிறது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் வேலை செய்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை கர்நாடகத்தையும் தமிழகத்தையும் சேர்த்தே பதிவு செய்தது. சேலையின் விலைச்சீட்டில் ஜரிகையின் தரம் எழுதப்பட்டிருக்கும். அந்த விரல் எழுதப்பட்டிருக்காது. விலை என்பது மிகத் திறமையான செய்தியாளன் என்று பொருளியல் நூல்கள் புகழும். அவன் எல்லாச் செய்தியையும் கொண்டுவருவதில்லை என்பதை அந்நூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

வாழ்க்கை முடிவுகள் எனப்படுபவை — பிள்ளையைப் பெங்களூருக்குப் படிக்க அனுப்புவதா, மகளுக்கு வெளியூரில் வரன் பார்ப்பதா, நிலத்தை விற்பதா — ஒரு நாளில் எடுக்கப்படுவன போலத் தோன்றினாலும், அவை பெரும்பாலும் அப்படி எடுக்கப்படுவதில்லை. சைமன் சொன்ன 'போதுமானது' என்னும் அளவு ஒவ்வொரு வீட்டிலும் பேச்சின் வழியே மெல்ல நகர்கிறது. நூறு தொகுதி எடுத்தவர் முதுகு வலி வந்தபின் ஐம்பதாகக் குறைக்கிறார், இலை மிஞ்சுகிறது, மிஞ்சிய இலையைப் பக்கத்தவருக்குக் கொடுக்கிறார், பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை பண்டிகைக்கு வரும்போது வளர்ப்பு மனையில் உரச்சாக்கு அடுக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை அதைப் பற்றி ஏதும் கேட்பதில்லை. கேட்காதது ஒரு பதிலாகக் கொள்ளப்படுகிறது. ஃபாரஸ்டரின் தாளில் கணக்கிட முடியாத பின்னூட்டம் இது. ஆனால் இதன் தாமதம் அங்கே இருந்ததைவிடப் பெரிது.

தென்கர்நாடகத்து மல்பெரித் தோட்டங்களில் வரிசைகளுக்கு நடுவே தென்னங்கன்று வைக்கும் வழக்கம் உண்டு. வைக்கும்போது மல்பெரியை விடுவதாக யாரும் சொல்வதில்லை. இரண்டும் இருக்கட்டும் என்றே சொல்லப்படும். கன்றுக்கு முழங்கால் உயரம் இருக்கும்வரை அது உண்மையும் கூட. காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆகும். அதற்குள் மட்டை விரிந்து, காலை வெயில் மறைந்து, மரத்தை அடுத்த வரிசையில் இலை சிறுத்து, பின் அதற்கடுத்த வரிசையிலும் சிறுக்கும். கவாத்துக்கு ஆள் விடுவது ஒரு முறை தள்ளிப்போகும், பிறகு நின்றுவிடும். அந்தத் தோட்டத்தில் பட்டு வளர்ப்பு எந்த ஆண்டில் கைவிடப்பட்டது என்று பட்டுத்துறையின் பதிவேட்டில் ஒரு தேதி இருக்கும். கன்று வைத்த நாள் அந்தப் பதிவேட்டில் இருக்காது.